எரிசக்தி விதிகளுக்குள் வராத சிறு அடுக்குமாடிகள்: கொல்கத்தாவின் டாக்குரியா உணர்த்துவது என்ன?

கொல்கத்தா: மின் சிக்கனத்திற்காக மத்திய அரசு கடந்த இருபது ஆண்டுகளில் செயல்படுத்திய திட்டங்கள் விளக்குகளையும் மின்சாதனங்களையும் பெரிய அளவில் மாற்றியுள்ளன. ஆனால் அந்தச் சாதனங்கள் இயங்கும் வீடுகளின் கட்டுமானத்தில் அத்தகைய மாற்றம் ஏற்படவில்லை. தெற்கு கொல்கத்தாவின் டாக்குரியா போன்ற பகுதிகளில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு நான்கைந்து மாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகளின் வரம்புக்குள் வருவதே இல்லை. நகரின் வெப்பமும் மின்தேவையும் ஒருசேர உயர்ந்துவரும் நிலையில், இந்த இடைவெளி கவனத்திற்குரியதாகிறது.

வெப்பமும் மின்தேவையும்

1950 முதல் 2018 வரையிலான காலத்தில் கொல்கத்தாவின் வெப்பநிலை 2.6 டிகிரி செல்சியஸ் உயர்ந்ததாக ஐ.நா.வின் காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டுக் குழு 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. அக்குழு எடுத்துக்காட்டிய பெருநகரங்களில் இதுவே மிக அதிகமான உயர்வு. 2024 ஏப்ரல் இறுதியில் நகரின் அலிப்பூர் வானிலை நிலையத்தில் 43 டிகிரி பதிவானது. அதே மாதத்தில், கொல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் மின்சாரம் வழங்கும் சி.இ.எஸ்.சி. நிறுவனத்தின் உச்ச மின்தேவை 2,700 மெகாவாட்டைக் கடந்தது.

ஹூக்ளி நதிக்கரையில் உள்ள 750 மெகாவாட் பட்ஜ் பட்ஜ் நிலையமும், 600 மெகாவாட் ஹால்டியா நிலையமும் இந்நகரின் மின்வழங்கலுக்கு முக்கிய ஆதாரங்கள். இரண்டும் நிலக்கரியால் இயங்குபவை. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே, ஒரு படுக்கையறையில் இரவு எட்டு மணி நேரம் ஓடும் குளிர்சாதனம் மணிக்கு ஒரு யூனிட் செலவழிப்பதாகக் கொண்டால், ஓர் இரவில் ஐந்தரை கிலோவுக்கு மேல் வாயு வெளியேறக் காரணமாகிறது. அதே நேரம் ஓடும் 75 வாட் மின்விசிறிக்குத் தேவைப்படுவது 0.6 யூனிட் மட்டுமே.

வெற்றி பெற்ற திட்டங்கள்

எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-இல் நிறைவேறியது. அதன்படி எரிசக்தி திறன் பணியகம் 2002-இல் அமைக்கப்பட்டது. மின்சாதனங்களுக்கான நட்சத்திரக் குறியீடு 2006-இல் தொடங்கியது. 2015 ஜனவரியில் தொடங்கப்பட்ட உஜாலா திட்டத்தில் இதுவரை 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் விநியோகிக்கப்பட்டுள்ளன. அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014-இல் சுமார் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாகச் சரிந்தது. மானியம் இன்றியே சந்தையை மாற்றிய திட்டமாக இது கருதப்படுகிறது.

அடுத்து மின்விசிறிகளின் முறை வந்தது. கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. சாதாரண விசிறியின் பாதியளவுக்கும் குறைவான மின்சாரத்தில் இயங்கும் ஒரு கோடி விசிறிகளை விநியோகிக்கும் திட்டம் அதே ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டது. குளிர்சாதனங்களைப் பொறுத்தவரை, 24 டிகிரியே தொடக்க அளவாக இருக்க வேண்டும் என்ற விதி 2020 முதல் நடைமுறையில் உள்ளது. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது பணியகத்தின் கணக்கு. புதிய குளிர்சாதனங்களின் வெப்பநிலையை 20 முதல் 28 டிகிரிக்குள் வரையறுக்கும் திட்டத்தை மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் 2025 ஜூனில் அறிவித்தார்.

இவை அனைத்தும் கடையில் வாங்கும் பொருளை மேம்படுத்தும் நடவடிக்கைகள். ஒரு வீட்டுக்கு எந்த அளவுக்குக் குளிரூட்டல் தேவை என்பதை முதலில் தீர்மானிப்பது அதன் கூரை, சுவர், சாளரம் ஆகியவையே.

மாறிவரும் தெற்கு கொல்கத்தா

ரவீந்திர சரோபர் ஏரியை ஒட்டிய டாக்குரியாவிலும், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அருகிலுள்ள லேக் மார்க்கெட் பகுதியிலும் உள்ள பழைய வீடுகள் உயரமான கூரையும் தாழ்வாரமும் கொண்டவை. அவற்றின் சாளரங்களில் உள்ள மரச் சட்டங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுபவை. வாரிசுகள் பலராகிப் பராமரிப்பு கடினமாகும்போது, இத்தகைய வீடுகள் கட்டுமான நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுகின்றன. நில உரிமையாளருக்குச் சில வீடுகள், மீதி விற்பனைக்கு என்பதே வழக்கமான ஒப்பந்தம். புதிய கட்டடத்தில் கூரை தாழ்கிறது. தாழ்வாரம் அறையின் பகுதியாகிறது. பக்கத்துச் சுவர் நெருங்கிவிடுவதால் காற்றோட்டமும் குறைகிறது. குடிவருபவருக்குக் குளிர்சாதனம் தவிர்க்க முடியாததாகிறது.

டாக்குரியாவுக்கு அருகே, பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில், உஷா தையல் இயந்திரங்களையும் மின்விசிறிகளையும் சந்தைக்குத் தந்த ஜே இன்ஜினியரிங் நிறுவனத்தின் ஆலை இயங்கியது. இன்று அவ்விடத்தில் சவுத் சிட்டி வணிக வளாகமும் உயர்ந்த குடியிருப்புக் கோபுரங்களும் நிற்கின்றன. விசிறியிலிருந்து குளிர்சாதனத்திற்கு நகரம் நகர்ந்ததை அந்த ஒரு நிலமே காட்டுகிறது. ஆனால் இத்தகைய பெரு வளாகங்களைச் சட்டம் எட்டிப்பிடிக்க முடியும். அவற்றைச் சுற்றிலும் எழும் சிறு கட்டடங்களே அதன் பிடிக்கு அப்பால் நிற்கின்றன.

விதியின் வரம்பு

வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி சேமிப்பு விதித்தொகுப்பு 2007-இல் வெளியானது. குடியிருப்புகளுக்கான ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ 2018-இல் வந்தது. சுவர், சாளரம் வழியாக வீட்டுக்குள் புகும் வெப்பத்துக்கு உச்ச அளவை வகுத்த இந்தத் தொகுப்பு, 500 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளுக்கே பொருந்துவதாக இருந்தது. கொல்கத்தாவில் நிலத்தை அளக்கும் ‘கட்டா’ கணக்கில் (ஒரு கட்டா 720 சதுர அடி) இது ஏறத்தாழ ஏழரை கட்டா. இரண்டு முதல் ஐந்து கட்டா வரையிலான மனையில் எழும் கட்டடத்திற்கு இதில் இடமில்லை.

2022-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் குடியிருப்புக் கட்டடங்களையும் சட்டத்தின் வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆயினும் அதன் வரம்பு 100 கிலோவாட் மின் இணைப்புச் சுமை. எட்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில் வீட்டுக்கு 5 கிலோவாட் எனக் கணக்கிட்டாலும் மொத்தம் 40 கிலோவாட்டைத் தாண்டாது. விதியைத் தொடுவதற்கு அத்தகைய இருபது வீடுகள் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டும்.

2023-இல் தனிக் கொள்கை வகுத்து வெப்பத்தைப் பிரதிபலிக்கும் கூரைகளைக் கட்டாயமாக்கிய தெலங்கானா அரசும், குடியிருப்புகளில் 600 சதுர கஜத்திற்குக் குறைவான மனைகளுக்கு அதை விருப்பத்திற்கே விட்டுவிட்டது. அந்த அளவும் ஏறத்தாழ 500 சதுர மீட்டர்தான்.

யார் செலவு, யார் சுமை?

சிறு கட்டடங்களை விலக்கி வைப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. வெப்பக் கணக்கீடு செய்யும் வல்லுநர்கள் குறைவு. ஆயிரக்கணக்கான மனைகளை ஆய்வு செய்ய உள்ளாட்சிகளிடம் போதிய ஊழியர்கள் இல்லை. புதிய நிபந்தனை ஒவ்வொன்றும் வீட்டின் விலையைக் கூட்டும் என்ற அச்சமும் நியாயமானதே.

ஆனால் தவிர்க்கப்படும் செலவு மறைந்துவிடுவதில்லை. கூரைக்கும் சாளர நிழலுக்கும் பணத்தை மிச்சப்படுத்துபவர் கட்டுமான நிறுவனத்தார்; வீட்டை விற்றதும் அவரது பொறுப்பு முடிகிறது. ஒவ்வொரு மாதமும் மின்கட்டணம் செலுத்துபவர் வீட்டை வாங்கியவர் அல்லது வாடகைக்கு இருப்பவர். பல்பு சில ஆண்டுகளில் மாற்றப்படும். குளிர்சாதனம் பத்தாண்டுகளில் மாறலாம். கட்டடமோ ஐம்பது ஆண்டுகள் நிற்கும். 2019-இல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், நாட்டின் குளிரூட்டல் தேவை 2037-38-க்குள் எட்டு மடங்காகப் பெருகும் எனக் கணித்து, அத்தேவையையே 20 முதல் 25 சதவீதம் குறைக்க இலக்கு நிர்ணயித்தது. சாதனங்களை மேம்படுத்துவதால் மட்டும் இந்த இலக்கை எட்ட இயலாது.

மாநிலத்தின் கையில் உள்ள வாய்ப்பு

100 கிலோவாட் வரம்பைத் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ள மாநில அரசுகளுக்கு 2022 திருத்தம் அதிகாரம் அளித்துள்ளது. கட்டட வரைபடத்திற்கு ஒப்புதல் தரும் அதிகாரம் கொல்கத்தா மாநகராட்சியிடம் உள்ளது. சிறு கட்டடங்களுக்கு முழுமையான கணக்கீடு கேட்பதற்குப் பதிலாக, வெப்பத்தைப் பிரதிபலிக்கும் கூரைப் பூச்சு, மேற்கு நோக்கிய சாளரங்களுக்கு நிழல் தடுப்பு, எதிரெதிர்ச் சாளரங்கள் என எளிதில் சரிபார்க்கக்கூடிய சில நிபந்தனைகளை ஒப்புதலுடன் இணைக்க முடியும்.

மேற்கு வங்கத்திற்கு மட்டும் உரிய கேள்வி அல்ல இது. பழைய வீடுகள் அடுக்ககங்களாக மாறிவரும் சென்னையின் மயிலாப்பூர், மாம்பலம் பகுதிகளுக்கும் இது பொருந்தும். இன்று ஒப்புதல் பெறும் ஒவ்வொரு வரைபடமும், 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை எட்டுவதாக இந்தியா அளித்த வாக்குறுதியின் காலம் முழுவதும் நிற்கப்போகும் ஒரு கட்டடத்திற்கானது.