லேபிளும் மருந்தும்

லேபிளைக் காட்டி எங்கள் சிவகாசிக்காரரை ஏமாற்ற முடியாது. அதை அச்சடிப்பதும் அவர்தான்; உள்ளே மருந்து அடைப்பதும் அவர்தான்.

1968-இல் கே. பாலசந்தர் தமது மேடை நாடகத்தை 'எதிர்நீச்சல்' என்று படமாக்கினார். மாடிப்படிக்குக் கீழே ஒண்டியிருந்த அநாதை மாதுவாக நாகேஷ் நடித்தார். 2022-இல் அதே பெயரில் சன் டி.வி.யில் ஒரு தொடர் வந்தது. மாதுவைக் காணோம், வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் ஆதி குணசேகரன் வந்தார். போகட்டும், பெயருக்கு யார் பட்டா வாங்கி வைத்திருக்கிறார்கள்?

குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். அவர் இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வரும் பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடம் சொன்னாள்: "அண்ணாச்சி, இது அந்தக் குணசேகரன் இல்லை."

குற்றம் நடிகர்மேல் இல்லை. பாய்ஸ் கம்பெனியில் ஒரு பையனுக்குக் குரல் உடைந்தால் இன்னொரு பையன் வேஷம் கட்டுவான். வள்ளி வள்ளியாகவே இருந்தாள். சங்கரதாஸ் சுவாமிகள் அவளை எழுதி வைத்திருந்தார். தொடரிலோ நடிகரின் முகத்தையும் அதட்டலையும் நம்பியே அன்றாடம் பாத்திரம் வளர்கிறது. ஆள் போனதும் பாத்திரமும் போய்விடுகிறது. 'இனி இவருக்குப் பதில் இவர்' என்ற ஒற்றை வரி அதற்கு உயிர் கொடுக்குமா?

தொடர் எடுக்கும் ஐயாமாரே! புது முகம் தேடுமுன், பாத்திரத்தை எழுதுகிறவருக்குப் பத்து நாள் அவகாசம் கொடுங்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து உட்காரும் அந்த அம்மாளுக்கு அவ்வளவு மரியாதையாவது செய்ய வேண்டாமா?