இலக்கு ஒன்றே

மாணவர்களே! நின்று எய்தாலும் அமர்ந்து எய்தாலும் வில்வித்தையில் இலக்கு ஒன்றே. நியூசிலாந்தின் நெரோலி ஃபேர்ஹால், விபத்தால் கால்கள் செயலிழந்த பின்னரே வில்லேந்தினார். 1982இல் பிரிஸ்பேன் காமன்வெல்த் போட்டியில், நின்று எய்தவர்களைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே வென்று தங்கம் பெற்றார். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார்.

நம் நாட்டின் ராகேஷ் குமார் ஜம்முவிலுள்ள கட்ராவைச் சேர்ந்தவர். விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தனிநபர் வெண்கலத்தை ஒரே புள்ளியில் இழந்தார். மறுநாளே ஷீத்தல் தேவியுடன் இணைந்து, 156–155 என அதே ஒரு புள்ளியில் வெண்கலம் வென்றார்.

இத்தகையோர் வேண்டுவது நம் இரக்கத்தையன்று. களத்திற்குச் செல்லும் வழியையே. நம் பெங்களூருவில் மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி உண்டு. ஆயினும் அங்குச் செல்லும் நடைபாதை பல இடங்களில் உடைந்து கிடக்கிறது. படிகள் மட்டுமே உள்ள வாயில், திறந்திருந்தும் சிலருக்கு மூடிய கதவே. குறை கால்களில் இல்லை. நாம் கட்டும் படிகளில்தான் உள்ளது என்பது என் கருத்து.

இன்று வீடு திரும்புகையில் எண்ணிப் பாருங்கள்: சக்கர நாற்காலி நுழைய இயலாத வாயில்கள் உங்கள் தெருவில் எத்தனை?