ராத்திரிச் சாப்பாட்டுக் கணக்கு

என் நாவல் ஒன்றில் ஒரு காட்சி வரும். மாதக் கடைசி. வீட்டில் காய்கறி கிடையாது. கையில் காசும் கிடையாது. அந்த நேரம் பார்த்துக் கணவன் ஒரு சிநேகிதனைச் சாப்பிட அழைத்துக்கொண்டு வந்து நிற்கிறான். கதாநாயகி முகம் சுளிக்கவில்லை. டப்பாவைத் தட்டிக் கொஞ்சம் சுண்டைக்காய் வற்றலை எடுக்கிறாள். நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்துப் புளியைக் கரைத்து விடுகிறாள். மூன்று அப்பளத்தைச் சுட்டு வைக்கிறாள். கணவனும் சிநேகிதனும் பையனும் விரலைச் சூப்பிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள்.

தொடர்கதையாக வந்தபோது அந்த வாரத்துக்கு வந்த கடிதங்களைப்போல் வேறு எந்த வாரத்துக்கும் வரவில்லை. "எங்கள் அம்மாவை நேரில் பார்த்தாற்போல் இருந்தது" என்று எழுதாதவர்கள் குறைவு. நானும் அகமகிழ்ந்துதான் போனேன். ஒரே ஒரு கடிதம் மட்டும் வேறு தினுசு. தெற்கே ஏதோ ஓர் ஊரிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தார்: "மூன்று அப்பளம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் அன்றைக்கு நாலு பேர். அச்சுப் பிழையா?" அவ்வளவுதான் கடிதம்.

எனக்குக் கோபம் வந்தது. இலக்கியத்தை அனுபவிக்கச் சொன்னால் அப்பளத்தை எண்ணுகிறாரே என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

2023 ஜூலையில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. காலைச் சமையலை அடுத்த தெருவில் இருக்கும் என் தங்கை ஏற்றுக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாடு என் தலையில் விழுந்தது. அம்மா, மனைவி, பெண், நான் என்று நாலு பேர். அரிசியும் எண்ணெயும் நீங்கலாக நாளுக்கு 100 ரூபாய் என்று மனைவி கணக்குச் சொன்னாள். எழுத்தாளன் வீட்டில் 100 ரூபாய் என்பதே கொஞ்சம் தாராளம்.

தக்காளி சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய மாதம் அது. அரசாங்கம் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க ஏற்பாடு செய்தது. பத்திரிகைகளில் எல்லாம் சிக்கனச் சமையல் குறிப்புகள் பொங்கி வழிந்தன. அவற்றையெல்லாம் கத்தரித்து வைத்துக்கொண்டு அடுப்படியில் நுழைந்தேன்.

முதல் நாள் பருப்பு வேகுமுன் புளியைக் கரைத்து விட்டேன். புளிப்பு ஏறிவிட்டால் பருப்பு மசியாது என்பது சமைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். நாவல் எழுதுகிறவனுக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கேஸ் எரிந்ததுதான் மிச்சம். துவரம் பருப்பு கடைசிவரை தன் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

"தக்காளி இல்லாமல் ரசம் எப்படி வைப்பது?" என்று இரண்டாம் நாள் கேட்டேன்.

"தக்காளி இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் யாரும் ரசம் சாப்பிடவில்லையா?" என்று நாற்காலியில் இருந்தபடியே கேட்டாள் மனைவி.

நியாயந்தான். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. மிளகாயும் அப்படியே. மிளகும் புளியும் அதற்கெல்லாம் முன்னாலேயே இங்கே இருந்தவை. பருப்பு வேகவைத்த நீரைத் தெளிவாக இறுத்து, புளி கரைத்து, பச்சை வாசனை போனதும் விட்டு, மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் போச்சு. அடியில் நின்ற பருப்பைக் கீரையோடு கடைந்தால் மசியல். ஒரு கைப்பிடிப் பருப்பில் இரண்டு பதார்த்தம்! பீர்க்கங்காயின் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. முளைக்கீரையின் இலை இன்றைக்கு, தண்டு நாளைப் புளிக்குழம்புக்கு. வாரத்தில் ஒரு நாள் நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும். அந்தக் குழம்பு மறுநாள் இன்னும் ருசி. மனைவியின் தாயார் கொடுத்த 'சமைத்துப் பார்' ஒன்று அலமாரியில் இருந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட அந்தப் புத்தகத்தைத் துப்பறியும் நாவலைப்போல் நடுராத்திரி வரையில் படித்தேன்.

இரண்டு வாரத்தில் சமையல் வந்துவிட்டது. என் வற்றல் குழம்பை அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஆகவே குறைந்த செலவில் ருசியாகச் சமைக்க முடியாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. முடியும். சண்டை வேறு இடத்தில் இருக்கிறது.

ருசி எங்கிருந்து வருகிறது? பணம் நிறைய இருந்தால் நெய், முந்திரி, தேங்காய்ப்பால் என்று கடையிலிருந்து வரும். பணம் இல்லாதபோது அது கடிகாரத்திலிருந்து வருகிறது. பாக்கெட் பொடியைத் தூவினால் குழம்பு. தனியா, மிளகாய், கடலைப்பருப்பு மூன்றையும் தனித்தனியே சிவக்க வறுத்து அன்றைக்கே அரைத்தால் அது வேறு குழம்பு. காசு வித்தியாசம் ஒன்றுமில்லை. இருபது நிமிஷம் வித்தியாசம். கீரை ஆய்வதற்கு அரைமணி. கருவாட்டுத் தலையைக் கிள்ளி மண் போக வெந்நீரில் அலசுவதற்குக் கால்மணி. எட்டு ரூபாய் மலிவாக வாங்க இரண்டு தெரு தள்ளி நடந்தது தனி.

செலவை ஒரு நோட்டில் எழுதி வந்தேன்: 92, 87, 95 என்று. ஒரு நாள் என் பெண் அதை எடுத்துப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, இன்னொரு கலம் போட்டு, "2 மணி 20 நிமிஷம்" என்று எழுதி வைத்துவிட்டாள். சிக்கனச் சமையல் எழுதுகிற எந்தப் புண்ணியவானும் இந்த இரண்டாவது கலத்தைப் போடுவதில்லை. உப்பு விலை வரையில் கூட்டி, "நால்வர் விருந்து 100 ரூபாயில்!" என்று தலைப்புக் கொடுப்பார்கள். விருந்து 100 ரூபாயில் முடியவில்லை, ஐயா. மீதியை ஒருத்தி தன் சாயங்காலத்தை விற்றுக் கட்டியிருக்கிறாள். அவளுக்கு ரசீது கிடையாது. சர்க்கார் எடுத்த கணக்கு இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டாள் என்றது 2019-ஆம் வருஷத்துக் கணக்கு. செய்கிற ஆணுக்கு 97 நிமிஷம். 2024-இல் மறுபடி எண்ணினார்கள். பெண்ணுக்குப் பத்து நிமிஷம் குறைந்து 289 ஆயிற்று. ஆணுக்கும் குறைந்து 88 ஆயிற்று!

நேரத்தைக்கூட மன்னித்துவிடலாம். நான்காவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்குப் பருப்புருண்டைக் குழம்பு. எண்ணிப் பதினாறு உருண்டை உருட்டினேன், ஆளுக்கு நாலு. கொதிக்கும் குழம்பில் போட்டதில் மூன்று கரைந்துவிட்டன. பரிமாறினேன். அம்மாவுக்கு நாலு, மனைவிக்கு நாலு. பெண் இன்னும் ஒன்று கேட்டாள், அவளுக்கு ஐந்து. என் தட்டுக்கு வந்தபோது பாத்திரத்தில் கரைசல்தான் இருந்தது. யாரும் என்னை அடக்கி ஒடுக்கவில்லை. சமையல் போதாதபோது கரண்டி பிடித்த கைக்கு அது முதலில் தெரிந்துவிடுகிறது. கை தானாகவே தன் தட்டைக் கடைசியில் வைத்துவிடுகிறது. ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். தியாகம் செய்த பெருமையில் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. உருண்டை பிரமாதம் என்றார்கள்.

கை கழுவிவிட்டு வந்து மனைவியிடம் கேட்டேன்: "உனக்கு ரசம் சாதம் ரொம்பப் பிடிக்கும், இல்லையா?"

"அப்படி யார் சொன்னது?" என்றாள்.

பதினெட்டு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவிகிதம். இதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாம் ரசம் சாதத்தால் வந்தது என்று நான் வாதாடவில்லை. ஆனால் இந்தக் கணக்கைப் படித்த பிறகு, "இல்லாததைக் கொண்டு இனிதாக்குபவள்" என்று ஒரு கதாநாயகியைப் புகழ எனக்குக் கை கூசுகிறது. எங்கள் ஜாதி எழுத்தாளர்கள்தாம் இதில் முதல் குற்றவாளிகள். கதைக்குக் கதை அவளைச் சமைக்க வைத்தோம். சாப்பிட வைக்க மறந்தோம்.

திரௌபதியைச் சொல்வார்கள். அட்சய பாத்திரத்தின் நிபந்தனை என்ன? அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை வற்றாது. ஆகவே அவள் கடைசியில்தான் சாப்பிட்டாக வேண்டும். வரத்திலேயே பந்தி வரிசையை எழுதிவிட்டார்கள். இருந்தாலும் கடைசியில் உட்கார்ந்த அவளுக்குப் பாத்திரத்தில் குறைவில்லாமல் இருந்தது. மாம்பலத்து வாடகை வீட்டில் இருப்பது வெறும் அலுமினியப் பாத்திரம்.

"அன்பினால் செய்வதற்கு மணி பார்ப்பார்களா?" என்று ஒரு சிநேகிதர் கேட்டார். அவர் அன்புள்ளவர்தான், கீரை ஆய்ந்து நான் பார்த்ததில்லை. 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் திறந்தார்கள். ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். அங்கே மாவு பிசைந்த சுய உதவிக்குழுப் பெண்களுக்குக் கூலி உண்டு. விலை 3 ரூபாயாக இருந்தாலும் அடக்கம் 3 ரூபாய் அல்ல என்று எல்லோருக்கும் தெரியும். மீதியை மாநகராட்சி கொடுத்தது. வீட்டில் மாநகராட்சி யார்?

பத்திரிகாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். சிக்கனச் சமையல் போடுங்கள். விலைவாசி இருக்கிற இருப்பில் அவசியம் வேண்டியதுதான். ஆனால் ரூபாய்க்குப் பக்கத்தில் நிமிஷத்தையும் போடுங்கள். "நால்வருக்கு" என்றால் சமைத்தவளையும் சேர்த்து நால்வரா என்று எழுதுங்கள். கீரையை யார் யார் ஆயலாம் என்று ஒரு வரி சேர்த்தால் இடம் ஒன்றும் அடைத்துவிடாது.

மாவுக்கட்டு அவிழ்த்த பிறகும் எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று ராத்திரி அடுப்பு என் பொறுப்பில்தான் இருக்கிறது. பரிமாறுவதற்கு முன்பே நாலு தட்டிலும் பங்கு வைத்துவிடுகிறோம். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ஓட்டல் மாதிரி இருக்கிறதாம்.

அந்த நாவலுக்கு இப்போது மறுபதிப்பு வருகிறது. நேற்று அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தது. அந்த அத்தியாயத்தில் வேறு எதையும் தொடவில்லை. அப்பளத்தை மட்டும் நாலாகத் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.