ஷெட்டில் நிற்கும் நாள்களுக்கு யார் பொறுப்பு?

சிவப்பு விளக்கு பார்த்து நின்ற கால் டாக்ஸியைப் பின்னால் வந்த கார் இடிக்கிறது. டிக்கி நசுங்கி, பம்பர் தொங்குகிறது. சர்வேயர் வந்து படம் எடுத்து மதிப்பீடு போடுகிறார். டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் கணக்கில் ஏறுகின்றன. "பார்ட்ஸ் வரல சார்" என்று வண்டி ஷெட்டில் நிற்கும் மூன்று வாரம் மட்டும் ஏறுவதில்லை. வண்டி ஓடாவிட்டாலும் மாதத் தவணை ஓடும். பிழைப்புக்கு வேறு வண்டியை வாடகைக்கு எடுத்தால் அதுவும் ஓட்டுநர் தலையில்தான்.

தவறு இடித்தவர் மேல். ஆனால் சீக்கிரம் முடியட்டும் என்று இடிபட்டவர் தன் பாலிசியிலேயே கிளெய்ம் போடுகிறார். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி கழிகிறது. சிறுகச் சிறுக 50 சதவீதம் வரை ஏறக்கூடிய நோ கிளெய்ம் போனஸும் போகிறது. வண்டியில்லாத நாள்களின் இழப்பையோ, பாலிசியே விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறது. தினப்படி தரும் கூடுதல் காப்பு கிடைக்கிறதே என்பார்கள். அதற்குத் தனி பிரீமியம். முதல் சில நாள்களைக் கழித்து, பத்துப் பதினைந்து நாள்களோடு நிறுத்துவதே பெரும்பாலும் வழக்கம். அடுத்தவர் செய்யப்போகும் தவறுக்கு நாம் முன்கூட்டியே பணம் கட்டி வைப்பது என்ன நியாயம்?

இடித்தவரிடம் தேர்டு பார்ட்டி காப்பீடு இருக்கிறது. சட்டப்படி அது கட்டாயம். சொந்த உபயோகக் கார் என்றால் பிறர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்பது வழக்கம். அதை எட்டும் வழிதான் கரடுமுரடு: காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர்., வக்கீல், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், வாய்தா. இருபதாயிரம் ரூபாய் வாடகைக்காக யார் அந்தப் படியேறுவார்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

தேர்டு பார்ட்டி பிரீமியத்தை நிர்ணயிப்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதே அறிவிக்கையில், வண்டி வகைக்கு ஏற்ற தினத்தொகையையும் அது வகுக்க வேண்டும். பழுதுபார்க்க எத்தனை நாள் ஆகும் என்பதைச் சர்வேயர் எழுதித் தரட்டும். அத்தனை நாளுக்கான தொகையை இடித்தவரின் காப்பீட்டு நிறுவனம் நேரடியாக இடிபட்டவர் வங்கிக் கணக்கில் செலுத்தட்டும். தகராறு இருந்தால் மட்டும் தீர்ப்பாயம்.

பிரீமியம் ஏறும் என்ற ஆட்சேபம் பொய்யல்ல. பிரிட்டனில் இது நடந்திருக்கிறது. கைக்காசு போட வசதியில்லாதவர் கடனுக்கு எடுத்த மாற்று வண்டியின் கூடுதல் செலவையும் இடித்தவர் தரப்பிடம் பெறலாம் என்று அங்கே பிரபுக்கள் சபை 2003-இல் தீர்ப்பளித்தது. கடனுக்கு வண்டி தருவதே பெரிய தொழிலானது. பில் தொகை ஊதி, கடைசியில் எல்லோருடைய பிரீமியத்திலும் விழுகிறது என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2014-இல் கண்டது. அங்கே பில் போட்டவர் ஒருவர், கட்டியவர் வேறொருவர். தொகையை அரசே வகுத்துவிட்டால் இங்கே அந்த வேலை நடக்காது. அதற்குப் பிறகும் பிரீமியம் கொஞ்சம் ஏறினால் ஏறட்டும். இன்று அந்தச் சுமை முழுவதையும் தவறே செய்யாத ஒருவர் தனியாகச் சுமக்கிறார்.

கட்டண மாற்றத்துக்கு முன் அமைச்சகம் வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்கும். அடுத்த வரைவில் இந்தத் தினத்தொகை இடம்பெற வேண்டும். உணவு டெலிவரி செய்பவரின் பைக்கையும் அதில் விட்டுவிடக் கூடாது.