போத்தல் வாங்க முதல் உப்பைப் பாருங்கோ

வீட்டுக்குள் முருகைக்கல் தொட்டி வைத்திருப்பவர் யாராவது வீடியோ போட்டால், கீழே வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "என்ன மருந்து விடுறீங்கள்?" எங்களைக் கேட்டால், "என்ன அளக்கிறீங்கள், எத்தனை நாளுக்கு ஒருக்கா?" எண்டுதான் முதலில் கேட்கவேணும்.

உப்பில் தொடங்குவம். ஒரு கிலோ கடல்நீரில் கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு இருக்கும். தொட்டியில் தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 100 லீற்றர் தொட்டியில் 5 லீற்றர் வற்றினாலே 35 என்பது 37க்குக் கிட்டப் போய்விடும். எங்கட வெயிலுக்கு இது கனநாள் எடுக்காது. வற்றின அளவுக்கு உப்புத்தண்ணி விட்டால் உப்பு இன்னும் ஏறும், விடவேண்டியது நல்லதண்ணி. அதுக்காகக் கிணத்துத் தண்ணியை அள்ளி ஊத்தவும் ஏலாது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இருப்பவை, தோட்டப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றும் சேர்ந்திருக்கு. ஆர்.ஓ. தண்ணிதான் பாதுகாப்பு.

அடுத்தது கல்சியம். முருகைக்கல் ஒரு உயிர். தண்ணியில் கரைந்திருக்கும் கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துத்தான் அது தன் கூட்டைக் கட்டுகிறது. கடல்நீரில் லீற்றருக்கு 420 மில்லிகிராம் அளவில் கல்சியம் இருக்கும். காபனேற்றுப் பக்கத்தைக் காட்டுவது காரத்தன்மை. கடலில் அது சுமார் 7 டி.கே.எச்.

இப்ப கணக்கைப் பாருங்கோ. முருகைக்கல் 20 மில்லிகிராம் கல்சியத்தை எடுத்தால், கூடவே 2.8 டி.கே.எச். காரத்தன்மையும் போகும். 420 இல் 20 போனது ஆருக்கும் தெரியாது. 7 இல் 2.8 போனால் உயிருக்கே ஆபத்து. ஆனா கடைக்குப் போய் நாங்கள் தேடுவது கல்சியப் போத்தலை மட்டும்தான்! காரத்தன்மையைப் பார்க்காமல் கல்சியத்தை மட்டும் ஊத்திக்கொண்டிருப்பது, சோறு இல்லாத வீட்டுக்கு உப்பு வாங்கிக் குடுக்கிற மாதிரி.

இன்னொண்டு. உவர்த்தன்மை 35 இலிருந்து 31க்கு இறங்கினால், கல்சியமும் அதே விகிதத்தில் 372க்கு இறங்கிவிடும். அளந்து பார்க்கிறவர் "கல்சியம் குறைவு" எண்டு போத்தலைத் திறப்பார். உண்மையில் குறைந்தது உப்பு. ஆகவே முதலில் உப்பு, பிறகு காரத்தன்மை, அதுக்குப் பிறகுதான் கல்சியம். எல்லாத்தையும் ஒரே நாளில் சரியாக்க வெளிக்கிடவும் கூடாது. கொஞ்சம் பிழையான எண் அசையாமல் நிற்பதை முருகைக்கல் தாங்கும். சரியான எண்ணுக்குத் திடீரெண்டு தாவுவதைத் தாங்காது.

"இவ்வளவு அளவை எல்லாம் பணக்காரற்ற வேலை. எங்களுக்குத்தான் கடல் பக்கத்தில இருக்கே, போய் உடைச்சுக்கொண்டு வரலாம்தானே?" எண்டு சிலர் சொல்லலாம். இலங்கையில் முருகைக்கல்லைக் கடலிலிருந்து உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கோ, கடல் தன் பரப்பாலேயே சமன் வைத்திருக்கும் ஒன்றை 100 லீற்றர் தண்ணிக்குள் கொண்டுவந்தால், அந்தக் கடலின்ர வேலையை நாங்கள்தான் செய்யவேணும். ஒவ்வொரு நாளும்.

காசில்லாதது குற்றமில்லை. உவர்மானியும் காரத்தன்மைச் சோதனைப் பெட்டியும் வாங்கக் காசில்லை எண்டால் முருகைக்கல் வைக்காமல் இருக்கலாம், மீன் மட்டும் வளர்க்கலாம். மீனுக்கு உப்பு அளவு சரியாக இருக்கவேணும், ஆனா கல்சியக் கணக்கு தேவையில்லை. அதுவும் அழகுதான்.

அளக்கப் பஞ்சிப்படுகிறவர்களின் தொட்டியில் முருகைக்கல் ஒரே நாளில் சாகாது. கிழமைக் கணக்காக நிறம் மங்கி, மெல்ல மெல்லச் சாகும். அதை அலங்காரம் எண்டு சொல்ல எங்களால ஏலாது.