வெப்பம் இல்லாத 'வெப்பச்சலனம்'

பள்ளி அறிவியல் நூல்கள் வெப்பம் பரவும் வழிகளுள் ஒன்றாக வெப்பச்சலனத்தைக் கற்பிக்கின்றன. அடுப்பிலேற்றிய நீருக்கு அப்பெயர் பொருந்தும். அதே சொல்லை உயர்கல்வியிலும் எல்லாச் சலனத்துக்கும் பொதுப்பெயராக வழங்கும்போது ஓர் அடிப்படை உண்மை மறைந்துபோகிறது. புவியீர்ப்பின் கீழ்ப் பாய்மத்தைப் புரட்டுவது அடர்த்தி வேறுபாடு. அதனை உண்டாக்கும் காரணங்களுள் வெப்பம் ஒன்று, வேதிவினை இன்னொன்று.

'நீலக் குடுவை' சோதனை இதற்கு எளிய சான்று. குளுக்கோசும் சோடியம் ஹைட்ராக்சைடும் கரைந்த நீரில் சிறிதளவு மெத்திலீன் நீலம் சேர்த்தால், கரைசல் சற்று நேரத்தில் நிறமிழக்கும். குலுக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் கரைந்து நீலம் மீளும். பெரும்பாலான வகுப்புகளில் சோதனை அத்துடன் முடிகிறது. அக்கரைசலையே அகன்ற தட்டில் மெல்லிய அடுக்காக ஊற்றி அசையாது வைத்தால், புள்ளிகளும் கோடுகளுமாக நீலக் கோலம் தோன்றும். தட்டின் அடியில் தீ இல்லை. ஆக்சிஜன் கிடைக்கும் மேற்பரப்பில் குளுக்கோஸ் ஆக்சிஜனேற்றமடைந்து அமிலமாக மாற, அங்குள்ள நீர் கனத்துக் கீழிறங்குகிறது, கீழுள்ளது மேலெழுகிறது. இத்தகைய கோலங்களை, 1952இல் ஆலன் டூரிங் முன்வைத்த வினை–விரவல் கோட்பாட்டால் விளக்க முயன்றோரும் உண்டு. அக்கோட்பாட்டிற்குப் பாய்ம ஓட்டமே தேவையில்லை. 2000இல் வெளியான ஆய்வொன்று அடர்த்தி வேறுபாட்டால் எழும் சலனமே இக்கோலத்தின் காரணம் என விளக்கியது.

இது தட்டளவில் முடியும் செய்தியன்று. நார்வேயின் ஸ்லைப்னர் களத்தில், 1996 முதல், கடலடிப் பாறையிலுள்ள உவர்நீருக்குள் கார்பன் டைஆக்சைடு செலுத்தப்பட்டது. அவ்வளிமம் கரைந்த உவர்நீர் கனத்து, விரல்விரலாகக் கீழிறங்கக்கூடியது. புதிய நீர் மேலே வருவதால் கரைதலும் விரைவுபெறும். பாறைக் கனிமங்களோடு நிகழும் வினைகள் அவ்வோட்டத்தை ஊக்கவும் கூடும், தணிக்கவும் கூடும். புதைத்த வளிமம் எவ்வளவு விரைவில் கரைந்து அடங்கும் என்னும் கணிப்பு இதனையும் பொறுத்தது.

பழகிய சொல்லை மாற்றினால் மாணவர் குழம்புவர் என்பது நியாயமான தயக்கமே. ஆனால் சொல்லை நீக்க வேண்டியதில்லை. அதன் எல்லையை வரையறுத்தால் போதும். 'அடர்த்திச் சலனம்' பொதுப்பெயராகட்டும்; 'வெப்பச்சலனம்' அதன் ஒரு வகையாக நிற்கட்டும்; வேதிவினையால் எழுவது 'வினைச்சலனம்' எனப்படட்டும். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரில் 'சேர்த்துக் கொண்டுசெல்லுதல்' என்னும் பொருளே உண்டு, வெப்பம் இல்லை. தமிழில் பயிலும் மாணவர் மட்டும் தீயற்ற தட்டில் தீயைத் தேட வேண்டியதில்லை.