விற்றவனுக்கன்றோ வெட்கம்!

நம் வீடுகளில் சம்பந்தப் பேச்சு தொடங்கும்போது கேட்கப்படும் முதற்கேள்வி, மாப்பிள்ளை தொழுகையாளியா என்பதன்று. குணம் எப்படி என்பதுமன்று. "எந்தக் குடும்பம்? பூர்வீகம் என்ன?" என்பதே முதற்கேள்வி. அடுத்தது, "பையன் என்ன செய்கிறான்?" என்பது. மரவேலை செய்கிறான், கொத்து வேலை செய்கிறான், தையற்கடை வைத்து நான்கு பேரைக் காப்பாற்றுகிறான் என்று பதில் வந்துவிட்டால் கேட்டவர் முகம் சுருங்கிவிடுகிறது. பேச்சு மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பற்றியதாகத் திரும்பிவிடுகிறது. அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது என்று எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது.

நாகூரிலிருந்து அதிராம்பட்டினம் வரை, கூத்தாநல்லூரிலிருந்து அய்யம்பேட்டை வரை, காவிரி பாயும் இந்தச் சீமையில் நம் குடும்பங்களுக்கு வம்சப் பெருமைக்குக் குறைவில்லை. ஒருவர் அரபு வணிகரின் வழி என்பார். மற்றொருவர் குதிரை வாணிபம் செய்தவர் வழி என்பார். இன்னொருவர் கப்பலோட்டிய மரக்காயர் வழி என்பார். அப்படியே இருக்கட்டும். ஆனால் கப்பலை ஓட்டியவரை நினைவில் வைத்திருக்கும் நாம், அதே கடற்கரையில் கப்பலின் அடித்தட்டில் அடைக்கப்பட்டுப் போனவர்களை ஏன் மறந்தோம்? அவர்களுடைய வரலாறு நம் வம்சப் பெருமைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த வரலாற்றையே இங்கே சொல்ல வருகிறேன்.

அடிமைத்தனம் என்றதும் அமெரிக்கப் பருத்திக் காடுகளை நினைப்பது நம் வழக்கம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பேரளத்துக்கு அருகிலுள்ள திருப்பாம்புரம் கோயிலில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 1201ஆம் ஆண்டு பஞ்சத்தில் வாடிய ஒரு வேளாளர், தம்மையும் தம் இரு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்ட செய்தி அதில் இருக்கிறது. விற்கப்பட்டவர் வேளாண்குடியினர் என்பதைக் கவனியுங்கள். அடிமைத்தனம் இரத்தத்தில் ஊறிய இழிவு என்று பேசுவோர்க்கு அந்தக் கல்லே மறுமொழி. பசிக்குக் குலம் தெரியாது. நெல் விளையும் பூமியிலேயே நெல்லுக்காக மனிதன் விலைபோனான்.

சோழர் போயினர், நாயக்கர் வந்தனர். 1658இல் டச்சுக் கம்பெனியார் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டே பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடின. வயல் அழிந்தது, பஞ்சம் வந்தது. 1659 முதல் 1661 வரையிலான அந்தக் குறுகிய காலத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக் கம்பெனி வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. பெரும்பாலோர் இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்டனர். சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். படையெடுத்து வந்தவன் பீஜப்பூர் சுல்தானின் படையினன் என்பதை மறைப்பதற்கில்லை. இந்துமாக்கடலின் அடிமை வாணிபத்தில் முஸ்லிம் வணிகர் எவரும் கை நனைக்கவில்லை என்று சாதிக்கவும் வரலாறு இடம் தராது. உண்மை நமக்கு எதிராக இருந்தாலும் அதைச் சொல்வதே நம் மார்க்கம் கற்பித்த முறை.

இதே டச்சுக் கம்பெனி, 1652இல் ஆப்பிரிக்காவின் தென்கோடியில், இன்று கேப் டவுன் எனப்படும் ஊரை நிறுவியது. அங்கே நிலத்தை உழவும் வீடு கட்டவும் அடிமைகள் தேவைப்பட்டனர். 1808 வரை அங்கே இறக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 63,000 பேர். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இன்றைய இந்தோனேசியா ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களோடு, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய தாய் தந்தை இட்ட பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. எஜமானன் சூட்டிய ஒரு பெயரும், அதன் பின்னே பிறந்த சீமையின் பெயரும்தான் எழுதப்பட்டன: வங்கத்தான், மலபாரான், இலங்கையான், "கரையான்". கரை என்று அவர்கள் குறித்தது நம் சோழமண்டலக் கரையைத்தான்.

இந்த மக்கள் கொத்தனாராயினர், தச்சராயினர், தையற்காரராயினர், செருப்புத் தைப்பவராயினர், பீப்பாய் செய்பவராயினர். கேப் டவுனின் பழைய வெள்ளை மாளிகைகளின் வளைந்த முகப்புகளைப் பார்த்து இன்று உலகம் வியக்கிறது. அவற்றின் சுவரை எழுப்பிப் பூசி மெழுகியதில் பெரும்பங்கு அடிமைக் கைகளுடையது. தொழில் தெரிந்த அடிமையை எஜமானன் வெளிவேலைக்கு அனுப்புவான். இவ்வளவு பணம் கொண்டுவந்து கட்டவேண்டும் என்று விதிப்பான். அந்தப் பணத்துக்கு அங்கே வழங்கிய பெயர், நம்முடைய "கூலி" என்னும் சொல்லோடு ஒலியிலும் பொருளிலும் ஒத்தது. கட்டியது போக மிஞ்சியதைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தன்னையே விலைகொடுத்து மீட்டுக்கொண்டவர்கள் உண்டு. தன்னை மீட்ட பின் மனைவியை மீட்டவர்களும், மக்களை மீட்டவர்களும் உண்டு. தம் விடுதலைக்காக முந்நூறு பேரீச்சங்கன்றுகளுக்கு ஒப்பந்தம் பேசிய ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் வரலாற்றைப் பயான்களில் கேட்டு உருகும் நாம், அதே வழியில் உளியாலும் ஊசியாலும் விடுதலை பெற்றவர்களை அறியாதிருக்கிறோம்.

அவர்களுள் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த கொரிடான் என்னும் விடுதலை பெற்ற அடிமை. கேப் டவுனின் டோர்ப் தெருவில் அவருக்குச் சொந்தமாக இருந்த மனையில்தான் 1794இல் அந்நாட்டின் முதற்பள்ளிவாசலான ஔவல் பள்ளி தோன்றியது. அந்த மனையைப் பள்ளிக்கென வழங்கியவர் அவருடைய மகள் சார்ட்ஜி. முதல் இமாம், திதோரே தீவிலிருந்து கைதியாகக் கொண்டுவரப்பட்ட துவான் குரு. சிறைத் தீவில் இருந்தபோது திருக்குர்ஆனை நினைவிலிருந்தே எழுதியவர் அவர். அவர் நடத்திய மதரஸாவில் அடிமைகள் வந்து ஓதினர். முஸ்லிம்கள் பகிரங்கமாகத் தொழுவதற்குச் சட்டம் இடம் கொடுத்ததோ 1804இல்தான். சட்டம் அனுமதிப்பதற்குப் பத்தாண்டு முன்பே, அடிமையாயிருந்தவரின் மனையில் பாங்கொலி எழுந்துவிட்டது.

நாம் அரபுத்தமிழில் எழுதினோம் என்று பெருமை கொள்கிறோம், கொள்ளத்தான் வேண்டும். அந்தத் தையற்காரர்களும் கொத்தனார்களும் தாங்கள் பேசிய ஆப்பிரிக்கான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். துருக்கியிலிருந்து வந்த அபூபக்கர் எஃபந்தி அந்த எழுத்தில் இயற்றிய மார்க்கச் சட்ட நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. வெள்ளையரே கொச்சை என்று ஒதுக்கிய மொழியை முதன்முதல் எழுத்திலேற்றியோரின் வரிசையில் அடிமைகளின் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

"அப்படியானால் அடிமைத்தனம்தானே அவர்களுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது? தீமையிலும் ஒரு நன்மை!" என்று சொல்லும் அறிவாளிகள் நம்மிடையே இருக்கிறார்கள். இது திருடனுக்கு நன்றி சொல்லும் நியாயம். எஜமானன் தொழில் கற்பித்தது தன் வருமானத்துக்காக. அந்தத் தொழிலை விடுதலையாக மாற்றியது அடிமையின் மனவுறுதி. 1834 டிசம்பர் முதல் நாள் அடிமைமுறை அங்கே ஒழிக்கப்பட்டபோதும், மேலும் நான்காண்டுகள் அவர்கள் பழைய எஜமானரிடமே "பயிற்சியாளர்" என்ற பெயரில் உழைக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளுக்கென ஒதுக்கிய நட்டஈடு இரண்டு கோடி பவுன். அது அடிமையாயிருந்தவனுக்குக் கிடைக்கவில்லை; அவனை உடைமையாக வைத்திருந்தவனுக்கே கிடைத்தது.

வேறு சிலர், "அவர்கள் மலாய்க்காரர்கள், நமக்கென்ன?" என்று கேட்கலாம். கேப் மலாய் என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட பெயர். அந்தப் பெயருக்குள் வங்காளியும் மலபாரியும் நம் கரையைச் சேர்ந்தவனும் அடங்கியிருக்கிறான். அவன் நம்மவன் என்று உரிமை கொண்டாட நாகப்பட்டினத்துக் கணக்கே போதும்.

இனி, மார்க்கத்தின் பெயரால் எழுப்பப்படும் வாதத்துக்கு வருகிறேன். "குஃபு பார்க்க வேண்டாமா? சட்ட நூல்களில் தொழிலும் குஃபுவில் சேர்க்கப்பட்டிருக்கிறதே!" என்கிறார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ நூல்களில் அது இருப்பது உண்மை. ஆனால் அது பெண்ணுக்கும் அவளுடைய வலீக்கும் உரிய பாதுகாப்பு. அவர்கள் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் நிக்காஹ் நிறைவேறும் என்பதும் அதே நூல்களில்தான் இருக்கிறது. முதல் வரியை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடிவிடுவது எந்த ஊர்க் கல்வி? குறைஷிக் குலத்துப் பெண்மணி பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை மணக்க அதே குறைஷியரான முஆவியா (ரலி) அவர்களும் அபூஜஹ்ம் (ரலி) அவர்களும் கேட்டிருந்தனர். அப்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சுட்டிக்காட்டிய மணமகன் உஸாமா (ரலி). அவருடைய தந்தை ஸைது (ரலி), தாயார் உம்மு ஐமன் (ரலி) இருவருமே விடுதலை செய்யப்பட்ட அடிமைகள். முதலில் தயங்கிய அப்பெண்மணி பின்னர் அந்த மணத்தால் நன்மையே கண்டார். குஃபு பேசும் பெரியோர் இந்த நிகழ்ச்சியை நிக்காஹ் மேடையில் ஏன் சொல்வதில்லை? இரும்பை வளைத்துக் கவசம் செய்த தாவூது (அலை) அவர்களும், தச்சுத் தொழில் செய்த ஸக்கரிய்யா (அலை) அவர்களும் இன்று பெண் கேட்டு வந்தால் நம் தரகர்கள் என்ன பதில் சொல்லியனுப்புவார்கள்?

கடல்கடந்த அடிமையைப் போற்றுவது எளிது. அவன் நம் வாசலுக்கு வரப்போவதில்லை. விற்கப்படாமல் இங்கேயே மிஞ்சியவர்களின் கதை என்ன? 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. 1860இன் தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. எனினும் கடனும் களத்துமேடும் சேர்ந்து பண்ணையாளைக் கட்டிப்போட்டன. தஞ்சை மாவட்டத்துக்கென்று தனியாகப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர 1952 வரை ஆயிற்று. 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில், கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். நம்மவரிலும் மிராசுதார்கள் இருந்தனர். நம் களத்திலும் பண்ணையாட்கள் நெல் அடித்தனர். 1981இல் மீனாட்சிபுரத்து மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது மேடைதோறும் சமத்துவம் முழங்கினோம். அப்படி வந்தவர்களின் வீட்டில் பெண் எடுத்தவர்கள், பெண் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

திறமைக்குக் கிடைக்கும் மதிப்பு ஒன்றே ஒரு சமுதாயத்தைக் காப்பாற்றிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கேப் டவுனின் ஆறாம் வட்டாரத்தில் அந்தக் கைவினைஞர்கள் பிற இன, பிற சமய மக்களோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1966இல் நிறவெறி அரசு அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது. 60,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் நிற்க, வீடுகள் தரைமட்டமாயின. நகரைக் கட்டியவனின் வீட்டையே இடித்தார்கள். மதிப்பு என்பது அவன் கட்டும் சுவருக்கு மட்டும் கொடுக்கப்பட்டு, அவனுக்குச் சம உரிமை மறுக்கப்பட்டால் முடிவு இதுதான். நாமும் ஏறத்தாழ அதையே செய்கிறோம். தையல் மிஷினை இலவசமாக வழங்கி விழா எடுக்கிறோம்; அந்த மிஷினில் தைத்து வாழும் பெண்ணை மருமகளாக்க மறுக்கிறோம். தைக்காலில் முடைந்த பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பத்தமடைப் பாயை மணமக்களுக்கு விரித்துவிட்டு, முடைந்தவனின் குலம் கேட்கிறோம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஜமாஅத்துகள் பைத்துல்மாலிலிருந்து ஏழைப் பிள்ளைக்கு அரிசி கொடுப்பதோடு நில்லாமல், அவன் தொழில் கற்கவும் கருவி வாங்கவும் கடன் கொடுக்கட்டும்; அந்தத் தொழிலாளியை நிர்வாகக் குழுவிலும் அமர்த்தட்டும். ஆலிம்கள் குஃபுவின் முழுச் சட்டத்தையும் ஜும்ஆ மேடையில் விளக்கட்டும். பெற்றோர் பிள்ளைகளுக்கு வம்சக் கதை சொல்லும்போது கப்பலின் மேல்தட்டை மட்டும் காட்டாமல் அடித்தட்டையும் காட்டட்டும். அங்கே கிடந்தவன் நம் பாட்டனுக்கு அண்டை வீட்டானாக இருந்திருக்கலாம். நம் பாட்டனாகவேகூட இருந்திருக்கலாம்.

அப்படி இருந்தால் வெட்கப்பட வேண்டியது என்ன? மனிதனை விற்றவன் வெட்கப்பட வேண்டும். வாங்கியவன் வெட்கப்பட வேண்டும். தன் கைத்திறத்தால் தன்னை மீட்டுக்கொண்டு, மீண்ட கையோடு அல்லாஹ்வின் பள்ளிக்கு மனை கொடுத்த குடும்பம் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் கிடைக்க நாமல்லவா தகுதி தேட வேண்டும்!